வினைல் இசைத்தட்டுகளைக் கழுவ எந்த இயந்திரம்?

பழைய இசைத்தட்டைச் சுத்தம் செய்வதில் கடினமான வேலை அழுக்கைக் கரைப்பதன்று. கரைந்த அழுக்கோடு நிற்கும் நீரை வெளியேற்றுவதே. இருபது நிமிடம் ஓடும் எல்.பி. (நெடுநேர இசைத்தட்டு) பக்கம் ஒன்றில் ஊசி ஓடும் பள்ளத்தின் நீளம் 400 மீட்டரைத் தாண்டும். அகலமோ ஏறத்தாழ 0.05 மி.மீ. அந்த இடுக்கிலேயே நீர் உலர்ந்துவிட்டால், விரல் எண்ணெயும் பூஞ்சையும் தூசியும் இடம் மாறுமே தவிர வெளியேறா. ஆகவே ஒவ்வோர் இயந்திரத்திலும் அது தேய்க்கும் விதத்தைவிட உலர்த்தும் விதத்தையே முதலில் கவனித்தேன்.

எளிமையானது ஸ்பின்-கிளீன் போன்ற தொட்டி. தட்டைச் செங்குத்தாக நிறுத்தி, இரு தூரிகைகளுக்கு இடையே கையால் சுழற்றினால் இரு பக்கமும் ஒருசேரக் கழுவப்படும். மின்சாரமும் வேண்டாம், இரைச்சலும் இல்லை. ஆனால் உலர்த்துவதற்குத் துணிதான். அது பள்ளத்தின் அடியை எட்டாது. நீரை மாற்றாமல் கழுவிக்கொண்டே போனால் பத்தாவது தட்டு முந்தைய ஒன்பதின் அழுக்கிலும் குளிக்கும். ஐம்பது அறுபது தட்டுகள் வைத்திருப்பவர்களுக்கு இதுவே போதும்.

அதற்கு மேல் போனால் என் தேர்வு, ஒக்கி நொக்கி போன்ற உறிஞ்சும் வகை. தட்டு சுழலும்போது திரவத்தை ஊற்றித் தூரிகையால் பரப்பி, சற்று ஊறவிட்டு, உறிஞ்சு குழலை இறக்கினால், இரண்டு சுற்றுக்குள் ஈரம் மறைந்து கரிய மேற்பரப்பு மீண்டும் பளபளக்கிறது. அதற்கு மேலும் சுழலவிட்டால் காய்ந்த தட்டில் நிலைமின்சாரம் ஏறி, சற்றுமுன் விரட்டிய தூசியை அதுவே அழைத்துக்கொள்ளும். குழலின் பிளவை ஒட்டியுள்ள வெல்வெட் பட்டைகளை அவ்வப்போது துடைக்காவிட்டால், ஒரு தட்டின் மணல் துகள் அடுத்ததைக் கீறும். மோட்டாரின் சத்தம் காதுக்கு இனியதன்று. இரவில் வீட்டார் விழித்துக்கொள்வார்கள். முதல் பக்கம் முடிந்து தட்டைத் திருப்பும்போது, கழுவிய பக்கம் அழுக்குப் பக்கம் கிடந்த விரிப்பின்மேலேயே படும் என்பதால், விரிப்பையும் துடைக்க வேண்டியிருக்கிறது. கீத் மாங்க்ஸ் இயந்திரங்கள் பட்டைக்குப் பதில் உறிஞ்சு குழலின் நுனியில் ஒரு நூலை வைத்து, புள்ளி புள்ளியாக உறிஞ்சுகின்றன. நூல் நகர்ந்து புதிய பகுதி வந்துகொண்டே இருக்கும். உறிஞ்சுவதில் இதைவிட நேர்த்தியான வழியை நான் கண்டதில்லை. ஆனால் நேரம் பிடிக்கும், விலையும் எல்லோருக்கும் எட்டாது.

காதுக்குக் கேட்காத ஒலி அலைகளால் நீரை அதிரவைத்துக் கழுவும் அல்ட்ராசோனிக் இயந்திரங்களில் ஹம்மின்குரு 40 கிலோஹெர்ட்ஸிலும் டிக்ரிட்டர் 120 கிலோஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. அதிர்வெண் கூடக் கூட நீரில் தோன்றும் குமிழிகள் சிறுத்து, தூரிகை நுழையாத இடுக்கிலும் வேலை செய்யும். தட்டைச் செருகிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. ஆயினும் இவை விசிறிக் காற்றால்தான் உலர்த்துகின்றன. நீர் போய்விடும், அதில் கரைந்திருந்தது தட்டிலேயே தங்கும். காய்ச்சி வடித்த நீரை அடிக்கடி மாற்றி, சோப்புத் திரவத்தைச் சில துளிகளோடு நிறுத்துபவர்களுக்கே இது முழுப் பயன் தரும்.

அரக்கால் ஆன, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் உங்களிடம் இருந்தால், எந்த இயந்திரமானாலும் ஆல்கஹால் கலந்த திரவத்தை அவற்றின் அருகிலும் கொண்டுபோகக் கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும். வாங்குமுன் வெல்வெட் பட்டையோ வடிகட்டியோ தனியாகக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். முதலில் தேய்வதும் அடைபடுவதும் அவைதான்.