எட்டு மில்லிமீட்டர் காது: மடல் விரித்தலும் மேல்காதுத் துளையும், ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

இரண்டு கீழ்மடல்களிலும் எட்டு மில்லிமீட்டர் அகலத் துளை, இடது மேல்காதின் விளிம்பில் ஹெலிக்ஸ் எனப்படும் ஒரு துளை நகை, மூக்கின் நடுவே ஒரு செப்டம் வளையம் ஆகியவற்றை அணிந்துகொண்டு கிருஷ்ணகிரியில் வசித்து, ஓசூரில் வேலை பார்த்து வருகிறேன். இவற்றில் எதுவும் புதிதன்று, எல்லாம் ஆண்டுக்கணக்கில் என்னோடு இருப்பவை. குத்திய மாதத்திலேயே எழுதப்படும் அனுபவங்கள் வலியையும் தோற்றத்தையும் மட்டுமே பேசுகின்றன. அந்தத் துளை மூன்றாம் கோடையில் எப்படி இருக்கும், ஹெல்மெட்டோடு எப்படி ஒத்துப்போகும், வேண்டாம் என்று தோன்றினால் எவ்வளவு தூரம் திரும்பி வரலாம் என்பவையே யோசித்துக்கொண்டிருப்பவருக்கு உண்மையில் தேவைப்படும் செய்திகள் என்பதால் அவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

கீழ்மடலும் மேல்காதும் ஒரே உறுப்பின் இரு பகுதிகள்தாம் என்றாலும், அவற்றைக் குத்துவதைத் தனித்தனி முடிவுகளாகவே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழ்மடல் வெறும் தோலும் கொழுப்பும் இரத்த ஓட்டமும் உள்ள சதை. ஆறு முதல் எட்டு வாரங்களில் அதில் போட்ட துளை ஓரளவு ஆறிவிடும். மேல்காது குருத்தெலும்பு. குருத்தெலும்புக்குச் சொந்தமாக இரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்துதான் அதற்கு ஊட்டம் வருகிறது. அதனால் அது ஆற ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. அங்கே சூடோமோனாஸ் போன்ற கிருமி புகுந்து உறை அழற்சி ஏற்பட்டால், குருத்தெலும்பு அழுகிக் காதின் வடிவமே சுருங்கிப் போகக்கூடும். கீழ்மடலில் ஏற்படும் தொற்றைப் போல இதை மஞ்சள் தடவிச் சமாளிக்க முடியாது. காது சிவந்து, சுடச்சுட வீங்கி, கீழ்மடலைத் தவிர மற்ற பகுதி முழுவதும் வலித்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இதனால்தான் நகைக்கடைகளில் வைத்திருக்கும் துப்பாக்கிக் கருவியால் மேல்காதைக் குத்திக்கொள்ளக் கூடாது என்று வற்புறுத்துகிறேன். அது மழுங்கிய தோட்டு முனையை விசையால் சதைக்குள் தள்ளுகிறது. குருத்தெலும்பு அதில் நசுங்குகிறது. பெரும்பாலான துப்பாக்கிகளில் பிளாஸ்டிக் பாகங்கள் இருப்பதால் அவற்றை ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த நீராவிக் கலனில் வைத்துக் கிருமி நீக்கவும் இயலாது. நம் ஊர்ப் பக்கத்தில் கடைகளிலும் அழகு நிலையங்களிலும் பெரும்பாலும் இந்தக் கருவியைத்தான் கண்டேன் என்பதால், ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் உட்குழல் ஊசியால் குத்துபவரைத் தேடிப் பெங்களூரு சென்றேன். குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து ஆசாரி தங்கக் கம்பியால் குழந்தைக்குக் காது குத்துவதை நான் குறைத்துப் பேசவில்லை. கீழ்மடலுக்கு, கைதேர்ந்த ஆசாரியின் கூர்மையான கம்பி அந்தத் துப்பாக்கியைவிடச் சதையை மென்மையாகவே நடத்துகிறது; அந்தக் கம்பியும் கிருமி நீக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது மட்டுமே என் கோரிக்கை.

மேல்காது குத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அம்மா, "கொப்பு போடுற இடத்துல கம்பியைக் குத்திட்டு வந்திருக்கியே, கண்ணு" என்றார். கொப்பும் முருகும் அணிந்த மூதாட்டிகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. அவர்களுக்கு இடம் புதிதன்று, நகையின் வடிவம்தான் புதிது. ஹெலிக்ஸில் முதலில் வீக்கத்துக்கு இடம் விட்டு நீளமான கம்பியைப் போடுவார்கள். வீக்கம் வடிந்த பிறகு, ஏறத்தாழ இரண்டு மாதத்தில், அதே ஆளிடம் போய்க் குட்டையான கம்பிக்கு மாற்றிக்கொள்வது மிக முக்கியம். நீண்ட கம்பி தலையணையிலும் தலைமுடியிலும் மாட்டி ஆடிக்கொண்டே இருப்பதால் துளையின் ஓரத்தில் சிவந்த முண்டு எழும்புகிறது. எனக்கும் எழும்பியது, கம்பியைக் குட்டையாக்கிய சில வாரங்களில் அது தானாக அமுங்கிவிட்டது. பலர் இந்த முண்டையே கெலாய்டு என்று அஞ்சுகிறார்கள். கெலாய்டு வேறு: அது துளையின் எல்லையைத் தாண்டி வளரும், தானாக அமுங்காது, அறுத்தெடுத்தாலும் மீண்டும் வளரக்கூடும். நம்மைப் போன்ற கருமை நிறத் தோலில் அதற்கான வாய்ப்பு அதிகம் என்பதால், முடிவெடுக்கும் முன் உங்கள் கையில் இருக்கும் பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்பைப் பாருங்கள். அது தடித்து, மேடாகி, அரிப்போடு பரவியிருந்தாலோ, உடன்பிறந்தோருக்கு அப்படி இருந்தாலோ, இந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

இனி மடல் விரித்தல். நம் மண்ணுக்கு இது புதிதன்று. மதுரைக்குத் தெற்கே பெண் குழந்தைக்குக் காது குத்தி, பஞ்சும் பனையோலைச் சுருளும் வைத்துத் துளையைப் பெரிதாக்கி, பிறகு ஈயக் குணுக்கை மாட்டித் தோள் வரை மடலைத் தொங்கவிட்டு, தண்டட்டியும் பாம்படமும் அணிந்தார்கள். பின்னர் அது நாகரிகமில்லை என்ற எண்ணம் பரவ, பலர் மடலை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் குடியேறிய ஒரு பாட்டி என் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அவசரப்படாத தாயி, காது எளகினாத்தான் அடுத்தது போடணும்" என்று சொன்னார். இன்றைய குத்துநர்கள் சொல்வதும் அச்சு மாறாமல் இதுவே. இருப்பினும் ஒரு வேறுபாடு உண்டு. பாட்டிகளின் முறையில் எடை கீழ்நோக்கி இழுத்து மடலை நீளமாக்கியது; இப்போதைய முறையில் துளை வட்டமாக விரிகிறது, மடல் தொங்குவதில்லை. எடையைத் தொங்கவிட்டு விரைவுபடுத்த நினைப்பவர்கள் மடலின் அடிப்பகுதி நூலாக மெலிந்துபோவதைச் சில ஆண்டுகளில் காண்பார்கள்.

சாதாரணத் தோட்டுத் துளை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அங்கிருந்து 1.6, 2, 2.5, 3 என்று ஏறி, பிறகு 4, 5, 6, 7, 8 என்று ஒவ்வொரு மில்லிமீட்டராகப் போனேன். சிறிய அளவுகளில் குறைந்தது ஒன்றிரண்டு மாதமும், நான்குக்கு மேல் மூன்று மாதத்துக்குக் குறையாமலும் காத்திருந்ததால், முடிவில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இந்தக் காத்திருப்பு வெறும் பொறுமைச் சோதனையன்று. ஒவ்வொரு முறையும் துளையின் உட்தோலில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்பட்டு, அவை ஆறி, மீண்டும் நெகிழும் தன்மை பெற வேண்டும். அது நடக்கும் முன் அடுத்த அளவைத் திணித்தால் உட்தோல் பின்பக்கமாகப் பிதுங்கி வளையமாக நிற்கும். அல்லது மெல்லத் தழும்பாகி, அதற்கு மேல் விரியவே மறுக்கும். வெந்நீரில் குளித்து முடித்து, இரண்டு சொட்டு எண்ணெய் தடவி, நகை எந்த எதிர்ப்புமின்றித் தானாக உள்ளே போனால் மட்டுமே நேரம் வந்துவிட்டது என்று பொருள். எரிச்சலோ இரத்தமோ வந்தால் பழைய அளவுக்கே இறங்கிவிட வேண்டும்.

பெரிய அளவுகளுக்கு இடையே, குழாய் வேலை செய்பவர்கள் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பைப் பயன்படுத்தினேன். அதில் பசை கிடையாது, சதையில் ஒட்டாது, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். துளையை நிரப்பி நிற்கும் கண்ணாடி அடைப்பானின்மீது சில வாரங்களுக்கு ஒரு சுற்று வீதம் சேர்த்துக்கொண்டே போனால், ஒரு மில்லிமீட்டர் தாவலைப் பல சிறு படிகளாகப் பிரித்துவிடலாம். கூம்பு வடிவ டேப்பரைச் சிலர் நகையாகவே தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். அது நகையை உள்ளே வழிநடத்தும் கருவி மட்டுமே; அதை அணிந்தபடி இருந்தால் எடை ஒரு பக்கமாகச் சரிந்து துளை கோணலாகிறது.

பொருளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த ஆண்டுகளில் நான் செலவழித்த பணத்தில் மிகப் பயனுள்ளதாக அமைந்தது இதற்குக் கொடுத்ததே. புதிதாகக் குத்தியதற்கும் புதிதாக விரித்ததற்கும் உடலுக்குள் பொருத்தும் தரமுடைய டைட்டானியம், அதாவது ஏ.எஸ்.டி.எம். எஃப்136 என்று குறிப்பிடப்படுவது, அல்லது வழுவழுப்பான கண்ணாடி மட்டுமே. கவரிங் நகையில் நிக்கல் கலந்திருக்கலாம். நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் தொடரும். அக்ரிலிக்கைத் தவிர்த்துவிடுங்கள். சிலிக்கோன் மென்மையாக இருப்பதால் நல்லதென்று தோன்றும், ஆனால் ஆறாத துளையின் ஈரத்தை அது வெளியே விடாமல் அடைத்துக்கொள்கிறது. நன்கு ஆறிய பின் தூங்குவதற்கும் தொழிற்சாலைக்குள் போவதற்கும் மட்டும் அதை அணிகிறேன். எந்திரங்கள் ஓடும் இடத்தில் உலோக நகை கூடாது என்ற எங்கள் நிறுவன விதி முற்றிலும் நியாயமானது. ஆறிய மடலுக்குக் கருங்காலி மர அடைப்பான் எனக்கு மிகப் பிடித்தது. மரம் சற்றுக் காற்றோட்டம் தருவதால் வாடை குறைகிறது, ஓசூர்ப் பக்கத்து மார்கழிக் காலையில் உலோகத்தைப் போலச் சில்லிடுவதும் இல்லை. குளிக்கும்போது மட்டும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் ஊறி வெடிக்கும்.

வாடையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தோலெண்ணெயும் உதிர்ந்த தோலும் துளைக்குள் சேர்ந்து, ஒரு நாள் விட்டாலும் புளித்த நெடி அடிக்கும். தினமும் குளிக்கும்போது கழற்றி, மென்மையான சோப்பால் துளையையும் நகையையும் கழுவுவதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. இதைச் சுமையாக நினைப்பவருக்கு மடல் விரித்தல் பொருந்தாது.

நம் வட்டாரத்துக்கே உரிய சில சிக்கல்களும் உண்டு. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் கடும் உப்பு நீர். அதனால் குளித்தால் கம்பியைச் சுற்றி வெள்ளையாகப் படிந்து, திருப்பும்போது ஆறாத தோலைக் கீறுகிறது. ஆகவே குளித்து முடித்தவுடன் 0.9 சதவீதச் சலைன் நீரால் நனைத்துத் துடைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஹைட்ரஜன் பெராக்சைடும் டெட்டாலும் புதுத் தோலையே எரிப்பவை. மஞ்சள் குழைத்த தேங்காய் எண்ணெய் துளையை அடைத்து அழுக்கைப் பிடித்து வைக்கிறது. ஒகேனக்கல் போனால் பாறையில் படுத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்காமல் யாராலும் திரும்ப முடியாது என்பதை நானும் அறிவேன். ஆனாலும் ஆறாத துளையோடு ஆற்று நீரில் இறங்கக் கூடாது. குருத்தெலும்புத் துளை என்றால் அந்த ஆண்டுப் பயணத்தையே தள்ளிவையுங்கள். ஹெல்மெட்டைப் பொறுத்தவரை, பக்கவாட்டுப் பட்டைகளை இரு கைகளாலும் விரித்துப் பிடித்து நேராக இறக்குவதும், அதே வழியில் தூக்குவதும் பழகிவிடும். அதுவரை ஹெலிக்ஸ் குத்தியவர் பேருந்தில் போவதே மேல்.

செப்டம் எனக்கு எல்லாவற்றிலும் எளிதாக அமைந்தது. குருத்தெலும்புக்கு முன்னால் உள்ள மெல்லிய சவ்வில் குத்துவதால், கண்ணில் நீர் வருவதோடு வலி முடிந்தது. இரண்டு மூன்று மாதத்தில் ஆறியது. லாட வடிவ வளையமாக இருந்தால் மேலே மடித்து மூக்குக்குள் மறைத்துவிடலாம். புல்லாக்கு அணிந்த பெண்களின் பேத்தியாகிய எனக்கு, உறவினர் திருமணத்தில் அதை மறைக்க வேண்டிய அவசியம் இதுவரை ஏற்படவில்லை. நேர்காணல்களுக்கு மட்டும் மடித்துக்கொண்டேன்.

நாக்கு, புருவம் ஆகிய இரண்டையும் விசாரித்த பின் வேண்டாமென்று விட்டேன். நாக்குக் கம்பி பல்லின் எனாமலைச் சிறிது சிறிதாக உடைக்கிறது, முன்பல் ஈறு இறங்கவும் காரணமாகிறது. புருவத்தில் மேல்தோலை மட்டும் பிடித்துக் குத்துவதால், உடல் காலப்போக்கில் நகையை வெளியே தள்ளித் தழும்பை மட்டும் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

மடல் விரிக்கத் தொடங்கும் முன்பே முடிவு அளவை நிர்ணயித்துவிடுங்கள் என்று கேட்கும் எவருக்கும் சொல்கிறேன். ஒவ்வொரு அளவும் சில மாதத்தில் கண்ணுக்குச் சிறிதாகத் தெரியத் தொடங்கும். அந்த உணர்வைப் பின்தொடர்ந்தால் நிறுத்த இடமே இராது. ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் வரை மெதுவாக விரித்த துளை, நகையைக் கழற்றிவிட்டால் பலருக்குத் தோடு போடும் அளவை நெருங்கிச் சுருங்குகிறது. இதற்கு உறுதி எதுவும் கிடையாது, ஆளுக்கு ஆள் மாறும். பத்தைத் தாண்டினால் பெரும்பாலும் பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணரிடம் போய், மரத்துப்போகும் ஊசி போட்டு, ஓரத்தை வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டியதுதான். தையல் போட்ட கோட்டின்மேல் மறுபடி குத்தக் கூடாது, பக்கத்தில் வேறிடம் பார்க்க வேண்டும். எட்டில் நான் நின்றதற்கு இந்தக் கணக்கே காரணம். ஜிமிக்கி அணிய விரும்பும் நாளில் நடுவில் தொங்கல் மாட்டும் வசதியுள்ள, உட்புறம் திறந்த சுரங்க வளையம் அந்த அளவிலேயே கிடைக்கிறது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போகும்போது டைட்டானியம் உட்பட எல்லா உலோகத்தையும் கழற்றச் சொல்வார்கள். மடலிலிருந்து நாமே எடுத்துவிடலாம், சில மணி நேரத்தில் திரும்பப் போட்டுவிட்டால் சிக்கலில்லை. ஹெலிக்ஸின் தட்டைத் தலைக் கம்பியை நாமாகத் தனியே கழற்றுவது கடினம், ஓராண்டு ஆகாத துளை ஓரிரு மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். ஆகவே அதே தடிமனில் ஒரு கண்ணாடிக் கம்பியை வாங்கி, மருத்துவக் கோப்போடு சேர்த்து வைத்திருக்கிறேன். ஸ்கேன் தேதி குறித்தவுடன், கையுறை அணிந்து அதை மாற்றித் தரும்படி என் தங்கையிடம் முன்பே சொல்லியும் வைத்துவிடுகிறேன்.