முந்தானை மாட்டினால் ரயில் கதவுக்குத் தெரியாது

சேலை கட்டிக்கொண்டு சுரங்க ரயிலில் போகிறவர்களும், அம்மா, அத்தை, பாட்டி என்று யாரையாவது அழைத்துப் போகிறவர்களும் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கோலாலம்பூரில் எந்தத் தடம், எந்த நிலையம் என்று எழுதவில்லை. புகார் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. நானும் அத்தையும் (மாமியார்தான், 70 வயது) மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிமணி வாங்கிவிட்டு, ஆளுக்கு இரண்டு பையோடு திரும்பிக்கொண்டிருந்தோம். சரியான கூட்டம். நான் முதலில் ஏறிவிட்டேன். கதவு மூடப்போகும் மணி அடித்ததும், "வாங்க வாங்க" என்று அத்தையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அத்தை உள்ளே வந்துவிட்டார். முந்தானை வரவில்லை.

ஒரு சாணுக்கு மேல் துணி வெளியே. பை மாட்டினால் கதவு மறுபடி திறப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன், அப்படித் திறக்கும் என்று நின்றேன். திறக்கவில்லை. ரயில் கிளம்பிவிட்டது.

இரண்டு கதவின் ஓரத்திலும் தடித்த ரப்பர் இருக்கிறது. துணி அதற்குள் இறங்கிவிட்டால் இழுத்துப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. அத்தை மடிப்பு வைத்துத் தோளில் ஊக்கு குத்தியிருந்தார். ரயில் வளைவில் திரும்பி அவர் முன்னால் சாயும்போதெல்லாம் துணி பின்னால் இழுத்தது, ஊக்கு ரவிக்கையோடு கழுத்துப் பக்கம் ஏறியது. "ஊக்கைக் கழட்டும்மா, ஊக்கைக் கழட்டு" என்று மட்டும்தான் சொன்னார். என் விரல் நடுங்கிய நடுக்கத்தில் ஊக்கு வளைந்ததே தவிர கழலவில்லை. பக்கத்தில் நின்ற மலாய்ப் பெண் என்னை நகர்த்திவிட்டு ஒரு நொடியில் கழற்றிவிட்டார். தினமும் தூடோங்கில் (தலையில் கட்டும் முக்காடு) ஊக்கு குத்திப் பழகிய கை.

அவசரப் பொத்தானை அழுத்தினேன். வெகுநேரம் கழித்து ஒரு குரல், எந்தப் பெட்டி என்று கேட்டது. யார் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஏறுகிறோம்? தேடிச் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது. அடுத்த நிலையத்தில் நடைமேடை எதிர்ப்பக்கம். அந்தப் பக்கக் கதவு திறந்து ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். நாங்கள் இந்தப் பக்கம் கட்டிப்போட்ட ஆடு மாதிரி. அதற்கும் அடுத்த நிலையத்தில்தான் துணி விடுபட்டது. பச்சைப் பட்டில் ஜரிகை பிய்ந்து, குறுக்கே மை இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு.

கவுண்டரில் இருந்தவர் நம் தமிழ்ப் பையன்தான். முதலில் கேட்டதே, "மணி அடிச்ச பிறகு ஏங்க்கா ஏறினீங்க?" பிறகு ஒரு பாரம் கொடுத்தார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: கதவைச் சோதித்தாகிவிட்டது, நல்ல நிலையில் இயங்குகிறது, நடைமேடையிலும் தடுப்புக் கதவு இருப்பதால் ஆபத்தில்லை. கேமராப் பதிவு கேட்டிருந்தேன். அதைப் பற்றி மூச்சே இல்லை.

கதவு கெட்டுப்போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் இருக்காது. மூடும்போது எதிலாவது முட்டினாலோ, முழுதாகச் சேராவிட்டாலோதான் நடுவில் ஏதோ இருக்கிறது என்று அதற்குத் தெரியும். கை, பை, தள்ளுவண்டி என்றால் தெரியும். முந்தானை, ஷால், பையின் வார் என்றால் ரப்பர் அமுங்கி இடம் கொடுத்துவிடும். பூட்டு விழும், எல்லாக் கதவும் மூடியாயிற்று என்று சிக்னல் போகும், ரயில் நகரும். லண்டன் பாதாள ரயிலின் நார்தர்ன் தடத்தில் 2023 பிப்ரவரியில் ஆர்ச்வே நிலையத்திலும், ஏப்ரலில் சாக் ஃபார்ம் நிலையத்திலும் கதவில் கோட்டு மாட்டி ரயில் ஆளை இழுத்துக்கொண்டு போனது. அங்கே ஓட்டுநர் திரையில் கதவுகளைப் பார்த்துத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும், அப்படியும் நடந்தது. நம் ஊரில் 1998லிருந்தே ஓட்டுநர் இல்லாத ரயில் ஓடுகிறது. தடுப்புக் கதவு இருந்தால் ஆபத்தில்லையாம்! ஷாங்காயின் 15ஆம் தடத்தில் 2022 ஜனவரியில் ஒரு மூதாட்டி அந்த மாதிரித் தடுப்புக் கதவில் மாட்டித்தான் இறந்துபோனார்.

ஆகவே, ஏறுவதற்கு முன்னால் முந்தானையைச் சுற்றி எடுத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், அழகு வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மாட்டிவிட்டால் துணியோடு மல்லுக்கட்டாதீர்கள், முதலில் ஊக்கு. பெட்டி எண்ணையும் எத்தனையாவது கதவு என்பதையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பெட்டி எண் இல்லாத புகாரை யாரும் மதிப்பதில்லை. நான் இப்போது எல்லாவற்றையும் தரைப் பொதுப் போக்குவரத்தைக் கவனிக்கும் அபாட்டுக்கு அனுப்பியிருக்கிறேன், சேலையின் படத்தோடு.

அத்தை தினமும் அந்தச் சேலையைக் கேட்கிறார். "கறை ஊறிப்போனா அப்புறம் போகாதும்மா, குடு, அலசிப் போடறேன்." நான் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.