வாசலோடு திருப்பி அனுப்பும் கணினி: டெபியனுடன் நான்கு ஆண்டுகள்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் வீட்டோடு சேர்ந்த ஓர் அறையில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து வருகிறேன். என்னிடம் வரும் வேலையில் பெரும்பகுதி கல்வெட்டு, அதாவது ஒருவர் இறந்த 31ஆம் நாளில் நடக்கும் அந்தியேட்டிச் சடங்கன்று உறவினருக்கு வழங்கும் நினைவு மலர். அந்த நாளை எவராலும் பின்போட முடியாது என்பதால், கணினி எவ்வளவு வேகமாக இயங்குகிறது என்பதைக் காட்டிலும் காலையில் திறக்கிறதா என்பதே எனக்குப் பெரிய விடயம். 2021 நவம்பரில், 4 கிகாபைட் நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி ஒன்றில் டெபியன் 11 என்ற லினக்ஸ் பணிசெயல் முறைமையையும் எக்ஸ்எஃப்சிஈ டெஸ்க்டொப்பையும் நிறுவினேன். 2023இல் டெபியன் 12 வெளிவந்த பின் அதற்கு மாறினேன். அந்த மாற்றத்தைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, அவ்வளவு அமைதியாக நடந்தது. டெஸ்க்டொப் ஒழுங்காகத் திறக்காமல் போனது இந்த நான்கு ஆண்டுகளில் மூன்று தடவைகள்தான். மூன்று தடவையும் நான் முதலில் சந்தேகித்தது பணிசெயல் முறைமையை. மூன்று தடவையும் பழுது இருந்தது, என் கோப்புகளும் அமைப்புகளும் கிடக்கும் என் சொந்த ஹோம் கோப்புறையில்.

முதலாவது 2022இல். மார்ச் இறுதியில் நாளுக்குப் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்தது; ரூபாய் விழுந்த விழுக்காட்டில் புதிய பற்றறி வாங்குவது பற்றி யோசிக்கவே முடியாது. பற்றறி செத்த மடிக்கணினி, கரண்ட் போனால் அந்தக் கணமே அணையும். வெட்டு நேரம் நெருங்குவதைப் பார்த்து அவசரமாக வெளியேறிக்கொண்டிருந்தபோது, அமர்வைச் சேமிக்கும் தறுவாயில் மின்சாரம் போய்விட்டது. மீண்டும் திறந்தபோது டெஸ்க்டொப் வந்தது, ஆனால் சாளரங்களுக்குத் தலைப்புப் பட்டை இல்லை. அவற்றை நகர்த்தவோ மூடவோ முடியவில்லை. எக்ஸ்எஃப்சிஈ, வெளியேறும்போது திறந்திருந்தவற்றின் பட்டியலை ஹோம் கோப்புறையின் மறைந்த கேஷ் பகுதியில், செஷன்ஸ் என்ற உட்கோப்புறையில் எழுதி வைக்கிறது. அரைகுறையாக எழுதப்பட்ட பட்டியலில், தலைப்புப் பட்டையைப் போட்டுச் சாளரங்களை நகர்த்தும் சாளர மேலாளரின் பெயர் இல்லாததால், அது எழுப்பப்படவேயில்லை. அந்த உட்கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி நுழைந்ததும் எல்லாம் சரியாயிற்று. அமர்வைச் சேமிக்கும் வசதியை அன்றே நிறுத்திவிட்டேன். இன்றுவரை அதன் குறையை உணரவில்லை.

இரண்டாவதுதான் என்னை உண்மையில் அலைக்கழித்தது. ஒரு குடும்பத்தார் தம் தகப்பனாரின் கல்வெட்டுக்காக மூன்று பழைய அல்பங்களைத் தந்திருந்தார்கள். ஏ4 பக்கம் ஒன்றை 600 டிபிஐயில் வண்ணத்தில் ஸ்கேன் செய்து சுருக்காமல் வைத்தால், ஒரு கோப்பே ஏறத்தாழ 100 மெகாபைட் ஆகும். சரிவராதவற்றை அழித்து மீண்டும் எடுத்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலை புகுபதிகைத் திரை வழமைபோல் வந்தது, கடவுச்சொல்லைக் கொடுத்தேன், திரை ஒரு கணம் கறுத்து, அதே புகுபதிகைத் திரை திரும்பி வந்தது. பிழைச் செய்தி எதுவுமில்லை. கடவுச்சொல் தவறானால் அது தவறென்று சொல்லும், இதுவோ கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு வாசலோடு திருப்பி அனுப்பியது. இதற்கிடையில் தொலைபேசி வேறு: "தம்பி, 31க்கு இன்னும் நாலு நாள்தான் கிடக்கு."

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போனேன். அங்கே அதே பெயரும் கடவுச்சொல்லும் உடனே வேலை செய்தன. ஆகவே கணக்கில் பழுதில்லை. புகுபதிகைத் திரை படமாகத் தெரிந்ததால், திரையில் படம் வரையும் எக்ஸ் சேர்வரும் திரைக்கான டிரைவரும் நன்றாகவே இருந்தன. எக்ஸ் சேர்வரின் பதிவுக் கோப்பிலும் இரட்டை 'ஈ' குறியிட்ட பிழை வரி எதுவும் இல்லை. எஞ்சியது புகுபதிகைக்குப் பின் என் பெயரில் தொடங்கும் அமர்வு. புகுபதிகையைக் கையாளும் லைட்டிஎம்மை நிறுத்திவிட்டு, டெஸ்க்டொப்பை நேரடியாகத் தொடக்கும் ஸ்டார்ட்எக்ஸ் கட்டளையை நானே கொடுத்துப் பார்த்தேன். லைட்டிஎம் மறைத்ததை அது சொல்லிவிட்டது: எக்ஸ்அதோரிட்டி என்னும் மறைகோப்பை எழுத முடியவில்லையாம்.

அந்தக் கோப்பு சில பத்து பைட்டுகள்தான் இருக்கும். திரையில் சாளரம் வரைய நமக்கு உரிமை உண்டு என்பதற்கான சிறு சாவி அது. நுழையும்போது அதை எழுத முடியாவிட்டால் அமர்வு அங்கேயே முடிந்துவிடும். இடம் தீர்ந்துவிட்டதோ என்று முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கான ரூட்டில் ஒரு கோப்பை எழுதிப் பார்த்தேன், எழுத முடிந்தது. அதனால் அந்தச் சந்தேகத்தைக் கைவிட்டு அரை நாளை வீணாக்கினேன். ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, இயல்பிருப்பாக 5 விழுக்காட்டு இடத்தை ரூட்டுக்கென ஒதுக்கி வைக்கும் என்பது அப்போது நினைவில் இல்லை. வன்தட்டில் என் ஹோம் கோப்புறைக்கான பிரிவு 300 கிகாபைட். அதில் ரூட்டுக்கு 15 கிகாபைட் மிச்சமிருக்க, எனக்கு ஒரு பைட்டும் இருக்கவில்லை. எவ்வளவு இடம் நிரம்பியுள்ளது என்று சொல்லும் டிஎஃப் கட்டளை 100 விழுக்காடு என்று காட்டிய பிறகே குப்பைத்தொட்டியைப் பார்த்தேன். அழித்துவிட்டதாக நான் நம்பிய ஸ்கேன்கள் 40 கிகாபைட் அளவில் அங்கே பத்திரமாகக் கிடந்தன. அதை வெறுமையாக்கியதும் முதல் முயற்சியிலேயே டெஸ்க்டொப் திறந்தது. கல்வெட்டும் உரிய நாளில் அச்சுக்குப் போயிற்று.

மூன்றாவது 2024இல், வன்தட்டை எஸ்எஸ்டியாக மாற்றியபோது நேர்ந்தது. ரூட்டாக நின்று கோப்புகளைப் பிரதி செய்ததில், உரிமையாளர் விவரத்தைப் பேணச் சொல்லும் தெரிவைக் கொடுக்க மறந்துவிட்டேன்; என் கோப்புகள் அனைத்தும் ரூட்டின் சொத்தாகிவிட்டன. அதே கறுப்புத் திரை, அதே திரும்பல். இம்முறை ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது: கோப்புப் பட்டியலில் உரிமையாளர் பெயரைப் பார்த்து, சிஎச்ஓன் கட்டளையால் முழுக் கோப்புறையையும் என் பெயருக்கு மாற்றினேன்.

இப்போது இப்படியான வேளைகளில் வேறு எதையும் தொடுமுன் புதிய பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து அதனால் நுழைந்து பார்க்கிறேன். அது நுழைந்தால் பழுது என் கோப்புறையில். அதுவும் திரும்பி வந்தால், முதலில் டிஎஃப் கட்டளையால் இடம் இருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே முறைமையைக் கிண்ட வேண்டும்; ஹோம் பிரிவு நிரம்பியிருந்தால் புதிய கணக்கும் நுழையாது. முழுவதையும் அழித்து மீள நிறுவுமாறு அறிவுரை சொல்பவர்கள் இங்கே ஏராளம்; மூன்று தடவையும் அதற்குத் தேவை இருக்கவில்லை. அதற்காக லைட்டிஎம்மின் மௌனத்தை நான் மன்னிக்கவில்லை. இடமில்லை என்று ஒரு வரி திரையில் காட்டியிருந்தால் அந்த அரை நாள் எனக்கு மிஞ்சியிருக்கும்.

2025 ஓகஸ்டில் டெபியன் 13 வந்துவிட்டது. நான் இன்னும் மாறவில்லை. கையில் இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. சோதனைக்கென்று திறந்த கணக்கை மகள் பாடசாலை வேலைக்கு எடுத்துக்கொண்டாள். மாறுவதற்கு முன் இன்னொன்று திறக்க வேண்டும்.