ரங்கசாமி மலை ட்ரெக்கிங் என்று 18,600 ரூபாய் போச்சு. நீங்களும் மாட்டிக்கொள்ளாதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர், ஆளுக்கு 3,100. மொத்தம் 18,600 ரூபாய். நீலகிரியில் இருக்கும் அந்த மலையை ஏறவே இல்லை.

ஆள் யார் என்று பெயர் சொல்லப் போவதில்லை. மேகம், டென்ட், கேம்ப் ஃபயர் என்று வீடியோ போட்டு, கீழே ஒரு வாட்ஸ்அப் நம்பர் மட்டும் கொடுக்கிற ட்ரெக்கிங் பேஜ். ஆபீஸ் கிடையாது, போர்டு கிடையாது. கோத்தகிரியிலிருந்து ஜீப், கரிக்கையூரில் டிபன், இருளர் கைடு, ரங்கசாமி மலை உச்சி, வனத்துறை அனுமதி என எல்லாம் சேர்த்துத்தான் இந்த ரேட் என்றார்கள்.

பணம் போடுவதற்கு முன் என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். பர்மிஷன் உண்டா? ஈரோட்டுக்காரர்களுக்கு அந்தப் பயம் இன்னும் விட்டுப்போகவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் ட்ரெக்கிங் போய்க் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் போனார்களே, அதில் எங்கள் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். போனில் இதைச் சொன்னதும் அந்தப் பேஜ்காரன் குரலே தணிந்துவிட்டது. "அண்ணா, அந்தப் பேரு கேட்டாலே எனக்கு இன்னைக்கும் தூக்கம் வராது. பர்மிஷன் இல்லாம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டோம். ஃபயர் சீசன்னு மூடிட்டா முழுப் பணமும் ரிட்டர்ன்" என்றான். அந்தப் பேச்சுக்குத்தான் 18,600 ரூபாயை ஜிபே செய்தேன். செத்தவர்கள் பெயரைச் சொல்லி வியாபாரம் செய்வான் என்று யார் நினைப்பார்கள்?

கொஞ்ச நேரத்தில் 'அனுமதிக் கடிதம்' என்று ஒரு பிடிஎஃப் வந்தது. மேலே கோபுரச் சின்னம், கீழே பச்சை மையில் கையெழுத்து. கூடவே ஒரு பில். அதில் நீலகிரிக்குள் வண்டி நுழைய எடுக்கும் இ-பாஸுக்குக் கட்டணம் என்று 600 ரூபாய் தனியாகப் போட்டிருந்தார்கள். நீலகிரிக்கு இ-பாஸ் இலவசம். அதுவும் டிஎன் 43 நம்பர் உள்ளூர் ஜீப்புக்கு இ-பாஸே தேவையில்லை. இதை எனக்குச் சொன்னது கோத்தகிரி டீக்கடைக்காரர்.

அன்று விடியற்காலை கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றோம். "பத்து நிமிஷம் அண்ணா." அடுத்த போனுக்கும் அதே பத்து நிமிஷம். அப்புறம் ரிங் போனது, எடுக்கவில்லை. சரி, வந்தது வந்துவிட்டோம், நாமே போவோம் என்று 2,500 ரூபாய்க்கு வேறு ஜீப் பேசி சோலூர்மட்டம் வழியாகக் கரிக்கையூர் போனோம்.

அங்கே இருந்த வனக்காவலர் கடிதத்தை என் போனில் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பெரிதாக்கியதும் சீல் வேறு, கையெழுத்து வேறு என்று ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரிந்தது. "சார், இது தீ சீசன். எல்லா ரூட்டும் க்ளோஸ். இந்த மாதிரி லெட்டரெல்லாம் நாங்க குடுக்கறதே இல்ல" என்றார். நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். ஏறியிருந்தால் நாங்கள்தான் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆகியிருப்போம்.

திரும்பும்போது கோடநாடு காட்சிமுனைக்குப் போய், 400 அடி உயரத்துக்குத் தனியாக நிற்கும் ரங்கசாமி தூண் என்ற பாறையைத் தூரத்திலிருந்து பார்த்தோம். அவ்வளவுதான் எங்கள் மலையேற்றம்.

இனிமேல்தான் கூத்து. முதலில் "டீம்ல பேசிட்டு இருக்கோம் அண்ணா". அடுத்து, ஏழு வேலை நாளில் ரீஃபண்ட். பிறகு வேறு ஒரு பெண் குரல்: "சார், மழையால கேன்சல் ஆனதுக்கு எங்க பாலிசில ரீஃபண்ட் கிடையாது." மாசி மாதத்தில் மழையாம்! அன்று கோடநாட்டிலிருந்து பவானிசாகர் தண்ணீர் வரை தெளிவாகத் தெரிந்தது, போட்டோவே அனுப்பினேன். அதற்குப் பதில், "வவுச்சர் தர்றோம் சார், மே மாசம் வாங்க." வேண்டாம், என் 18,600 ரூபாயைக் கொடு என்றேன். பிளாக். பேஜில் போட்ட கமெண்டும் காணோம்.

விவரமாக டிப்ஸ் எழுத உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசே 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளுக்கு ஆன்லைன் புக்கிங் தொடங்கியிருக்கிறது. கரிக்கையூர்–ரங்கசாமி மலை, அவலாஞ்சி–கோலரிபெட்டா எல்லாம் அதிலேயே இருக்கின்றன. அங்கே புக்கிங் மூடியிருந்தால் வெளியில் எவன் திறந்திருக்கிறது என்றாலும் நம்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் அனுமதிக் கடிதத்தை வனத்துறை அலுவலகத்தில் கேட்காமல் பணம் போடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், ரீஃபண்ட் வரும் என்று காத்திருந்தால் அவன் கணக்கைக் காலி செய்துவிடுவான். நான் புகார் கொடுத்துவிட்டேன்.

தங்கச்சி போனிலிருந்து இன்று பார்த்தேன். அதே பேஜ் சித்திரை லீவுக்குக் கோலரிபெட்டா என்று புது விளம்பரம் போட்டிருக்கிறது. ஆளுக்கு 3,400. 'பர்மிஷன் உண்டு' என்று பச்சை டிக் வேறு. இதே மாதிரி பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டோடு இன்பாக்ஸுக்கு வாருங்கள், புகாரில் சேர்த்துக் கொடுக்கலாம்.