மில் மூடியபின்: லோவெலா, சால்டேரா, பெரம்பூரா?

பின்னி மில்லில் தறி ஓட்டிய என் தாத்தாவுக்குக் காது மந்தம். "தறி ஓடுறப்ப வாயைத் திறந்து பிரயோஜனமில்லப்பா, கைஜாடைதான்" என்பார். பெரம்பூரின் அந்த மில் 1996-ல் மூடியது. அப்புறம் சில காலம் சினிமா ஷூட்டிங். இப்போது அடுக்குமாடிகள். வேறு வழியே இல்லையா என்றால், இரண்டு ஆற்றங்கரை மில்களைப் பார்க்கலாம். (நம் மில் ஓடியது நீராவியில், பக்கத்தில் இருந்ததோ ஓட்டேரி நாலா என்ற கால்வாய்!)

அமெரிக்காவின் லோவெல், மெரிமாக் ஆற்று நீரைக் கால்வாய்களில் திருப்பி அந்த விசையில் தறி ஓட்டிய ஊர். 1978-ல் அங்கே தேசிய வரலாற்றுப் பூங்கா வந்தது. பூட் மில்லில் 88 தறிகள் கொண்ட கூடத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். சில தறிகளை ஓட்டியும் காட்டுவார்கள். அதற்காகவே காதடைப்பான் தருவார்கள். தாத்தாவின் காது ஏன் போனது என்று புரிய அங்கே ஒரு நிமிடம் நின்றால் போதும். ஆனால் இதெல்லாம் அரசுப் பணம் இருந்தால்தான் நடக்கும்.

இங்கிலாந்தின் சால்டேர் வேறு கணக்கு. ஏர் ஆற்றங்கரையில் டைட்டஸ் சால்ட் 1853-ல் திறந்த கம்பளி மில் 1986-ல் மூடியது. மறுவருடமே ஜொனாதன் சில்வர் என்ற தொழிலதிபர் அதை வாங்கினார். ஒரு பக்கம் டேவிட் ஹாக்னியின் ஓவியங்கள், புத்தகக்கடை, சாப்பாட்டுக்கடை. இன்னொரு பக்கம் செட்டாப் பாக்ஸ் கம்பெனி வாடகைக்கு வந்தது. ஓவியக்கூடம் பார்க்க டிக்கெட் கிடையாது, வாடகையில் கூரை நிற்கிறது. 2001-ல் அந்த ஊர் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. என் ஓட்டு இதற்குத்தான். குறை ஒன்று உண்டு: பார்த்துவிட்டுத் திரும்பும்போது மனதில் நிற்பவர் ஹாக்னி, தறிக்காரர் இல்லை.

பெரம்பூரில் வீடு கட்டியதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், இந்த ஊருக்கு வீடு வேண்டும். ஆனால் 1918-ல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியது இந்த மில் ஆட்களை வைத்துத்தான். 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்ததும் இங்கேதான். அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரே ஒரு தறிக்கூடம், லோவெல் மாதிரி ஓடிக்கொண்டு, சால்டேர் மாதிரி கடை வாடகையில் பிழைத்துக்கொண்டு இருந்திருந்தால், அந்தக் கைஜாடையை என் பிள்ளைகளுக்கு நான் நடித்துக் காட்ட வேண்டியிருக்காது.