இருமலுக்கு எது: ஆடாதோடையா, தூதுவளையா, கற்பூரவல்லியா?

மார்கழி வந்து ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பனி இறங்கிவிட்டால் வீட்டுக்கு ஓர் இருமல் நிச்சயம். வேலியோரம் ஆடாதோடையும் தூதுவளையும், வாசல் தொட்டியில் கற்பூரவல்லியும் இருக்கும். எல்லாமே சளிக்கு நல்லது என்று பெரியவர்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். ஆனால் மூன்றும் செய்கிற வேலை வேறு.

சரக்கு அதிகம் ஆடாதோடையில்தான். அதன் இலையிலுள்ள வாசிசின் என்ற ஆல்கலாய்டை (செடி தயாரிக்கும் ஒருவகை வேதிப்பொருள்) 1888இல் ஹூப்பர் என்ற வேதியியலாளர் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பைப் பார்த்து உருவானதுதான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்து. அது உடம்புக்குள் போய் மாறினால் அம்ப்ராக்சால். வீட்டில் சளி சிரப் இருந்தால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும். கெட்டிச் சளியை இளக்குவதில் இந்த இலை கெட்டிக்காரன். மூச்சுக்குழாயைத் தளர்த்த வாசிசினோன் என்ற இன்னொன்றும் உண்டு. நாலு இலையைக் கிள்ளிப்போட்டு, மிளகும் சுக்கும் தட்டிச் சேர்த்து, இரண்டு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டும்வரை கொதிக்க வையுங்கள். பனங்கற்கண்டு எவ்வளவு போட்டாலும் கசப்பு நாக்கின் அடியில் நிற்கும். ஆடே வாய் வைக்காத செடியாயிற்றே! கசப்பு ஆகாதவர்களுக்குச் சித்த மருந்துக் கடையில் ஆடாதோடை மணப்பாகு கிடைக்கும். வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதால் கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கும் கஷாயத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், காசநோயா என்று அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

தூதுவளையை நான் மருந்து என்பதைவிடச் சாப்பாடு என்றே சொல்வேன். முள்ளை நீக்கி, நெய்யில் வதக்கி, புளி மிளகாயோடு அரைத்தால் களிக்குத் தொட்டுக்கொள்ள அருமை. இதில் சொலாசொடின் வகைப் பொருள்கள் இருக்கின்றன. 1999இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஆஸ்துமாக்காரர்களுக்கு இதன் பொடி ஓரளவு மூச்சை எளிதாக்கியது. ஆனால் ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால் மருந்தின் அளவுக்கு இல்லை. ஆகவே இன்ஹேலரைத் தூக்கி வைத்துவிட்டுத் துவையல் அரைக்காதீர்கள்.

கற்பூரவல்லியின் வாசனை கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு எண்ணெய்ப் பொருள்களால் வருவது. தொண்டைக் கரகரப்புக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் குடிப்பது இதைத்தான். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் கலந்து கொடுக்கக் கூடாது.

நெஞ்சில் சளி கட்டிவிட்டால் என் ஓட்டு ஆடாதோடைக்கு. மற்ற நாட்களில் வாரம் ஒருமுறை தூதுவளைத் துவையல். கற்பூரவல்லியா? சாயங்கால பஜ்ஜிக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.