மிக்ஸ்க்ஸில் ஒரு மணி நேர சினிமாப் பாட்டு மிக்ஸ்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

பாட்டுகளை ஒன்றோடொன்று கோத்து ஓட்ட உதவும் டிஜே மென்பொருள் Mixxx. பெயரில் மூன்று எக்ஸ் இருந்தாலும் சொல்லும்போது வெறும் ‘மிக்ஸ்’தான். குழப்பம் வேண்டாம் என்பதால் இங்கே மென்பொருளை மிக்ஸ்க்ஸ் என்று எழுதுகிறேன். இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஸ்ட்ரீமிங் சேவையிலிருந்து பாட்டை நேரே எடுத்துப் போட முடியாது, கோப்பு கையில் இருக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் கேட்ட பாட்டை உடனே போட வேண்டியவருக்கு இது பெரிய குறை. வீட்டில் உட்கார்ந்து மிக்ஸ் பதிவு செய்கிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அந்த வேலையில் முக்கால்வாசி, ரெக்கார்ட் பட்டனைத் தொடும் முன்பே லைப்ரரியில் முடிந்திருக்க வேண்டும். பதிவில் காதுக்கு உறுத்துகிற பிழைகளில் பெரும்பாலானவை அங்கே விட்ட பிழைகள்தான்.

முதலில் பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தாள அடி என்ற எண். மென்பொருள் பாட்டை அனலைஸ் செய்ததும் வரும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது, நம் பாட்டுகளில் நம்பவே கூடாது. பறையும் உருமியும் 6/8-இல் ஓடும் குத்துப் பாட்டில் ஒரு அடிக்குள் மூன்று தட்டு இருக்கும். மென்பொருள் அந்தத் தட்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து எண்ணிவிடும். 124 வர வேண்டிய இடத்தில் 186 வந்து நிற்கும். இதைக் கையால் அடித்துத் திருத்த வேண்டியதில்லை. டிராக் மெனுவின் பிபிஎம் பகுதியில் 2/3, 3/2, 3/4, 4/3 என்று தனித்தனிக் கட்டளைகள் உண்டு. 186-க்கு 2/3 கொடுத்தால் 124. மெட்ரோனோம் போல விரலால் தட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அதே மெனுவில் பிபிஎம்மை லாக் செய்துவிடுங்கள். லாக் செய்யாவிட்டால் அடுத்த முறை மொத்தமாக அனலைஸ் செய்யும்போது திருத்தம் போய்விடலாம்.

பழைய பாட்டுகளின் சிக்கல் வேறு. வேகத்தை நிலையாக வைக்கும் கிளிக் ஒலி இல்லாமல் முழு ஆர்கெஸ்ட்ராவும் ஒன்றாக வாசித்துப் பதிவானவை அவை. பல்லவியில் 100 இருக்கும், சரணம் முடியும்போது 101-ஐத் தொட்டிருக்கும். சராசரியாக அரை பிபிஎம் வித்தியாசம்தானே என்று தோன்றும். 100 பிபிஎம்மில் ஒரு அடி 600 மில்லிசெகண்ட். அரை பிபிஎம் தவறினால் 64 அடி ஓடி முடிவதற்குள் சுமார் 190 மில்லிசெகண்ட் விலகிவிடும், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு அடி. இரண்டு டிரம்மும் சேர்ந்து குதிரை ஓடுகிற மாதிரி கேட்கும். பீட் கண்டறியும் அமைப்பில், வேகம் மாறாது என்று எடுத்துக்கொள்ளும் தெரிவின் டிக்கை நீக்கிவிட்டு அந்தப் பாட்டுகளை மட்டும் திரும்ப அனலைஸ் செய்தால் கிரிட் (அடிகளைக் குறிக்கும் கோடுகள்) ஓரளவு பாட்டோடு நகரும். ஆனாலும் அப்படிப்பட்ட இரண்டு பாட்டை 32 அடி ஒன்றின் மேல் ஒன்றாக ஓட்டிப் பார்க்காதீர்கள். வெளியேறும் பாட்டில் சுத்தமான தாளப் பகுதி 4 அடியை லூப் போட்டு, அதாவது திரும்பத் திரும்ப ஓட விட்டு, பிடித்துக்கொண்டால் வேகம் அங்கேயே நிலைத்துவிடும். அடுத்ததை அதன் மேல் ஏற்றுவது சுலபம்.

ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பாட்டு? முழுதாகப் போட்டால் 13, 14-தான் பிடிக்கும், கேட்பவரும் சலித்துப்போவார். பல்லவி, முதல் இடையிசை, ஒரு சரணம், மறுபடி பல்லவி, வெளியே. இப்படி வெட்டினால் ஒன்று சுமார் இரண்டரை நிமிடம், ஆக 24 பாட்டு. வெளிநாட்டு ஹவுஸ் டிராக்குகளில் தொடக்கத்தில் 32 அடி, 64 அடி வெறும் தாளம் கிடைக்கும். 128 பிபிஎம்மில் 32 அடி என்பது சரியாக 15 நொடி, கை நிதானமாக வேலை செய்யலாம். சினிமாப் பாட்டில் அந்த வசதி அநேகமாக இல்லை. முன்னிசை முடிந்ததும் குரல் வந்துவிடும். குரல் மேல் குரல் விழுந்தால் எந்த ஈக்யூவும் (ஒலியின் மேல், நடு, கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) காப்பாற்றாது. அதனால் வெளியேறும் பாட்டின் இடையிசையில்தான் அடுத்த பாட்டின் முன்னிசை நுழைய வேண்டும் என்பதை முதலிலேயே தாளில் எழுதிவிடுவது நல்லது.

ஹாட்க்யூ என்பது அழுத்தியதும் பாட்டில் குறித்த இடத்துக்குத் தாவும் பட்டன். அதற்கு எல்லாப் பாட்டிலும் ஒரே வரிசை வைத்தால் கை தானாகப் போகும்: 1 முதல் சமம் (தாளச் சுற்றின் முதல் அடி), 2 பல்லவி, 3 முதல் இடையிசை, 4 வெளியேறும் இடம். பல்லவி க்யூவில் பலர் சறுக்குகிறார்கள். நம் பாட்டுகளில் எடுப்பு (குரல் தொடங்கும் இடம்) எப்போதும் சமத்தில் இருக்காது. குரல் அரை அடியோ ஒன்றரை அடியோ தள்ளி வரும், சிலவற்றில் சமத்துக்கு முன்பே தொடங்கிவிடும். குரல் தொடங்கும் இடத்தில் க்யூ வைத்து அடுத்த டெக்கில் (இன்னொரு பாட்டு ஓடும் பிளேயர்) சமம் வரும்போது அழுத்தினால் முழுப் பாட்டும் தாளம் தள்ளி விழும். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, குரலை மறந்துவிட்டு, அதற்கு அடியில் இருக்கும் டிரம் அடியில் க்யூ வையுங்கள்.

6/8-இலிருந்து 4/4-க்குப் போவதற்குத் தனியாகத் திட்டம் வேண்டும். இரண்டுக்கும் 124 என்று கிரிட் சரியாக இருந்தாலும் உள்தட்டு ஒத்துப்போகாது. ஒன்றில் மூன்று, மற்றதில் இரண்டோ நான்கோ. இடிப்பது பெரும்பாலும் மேல் ஒலிகள்தான். வெளியேறும் பாட்டின் ஹையை (மேல் ஒலிகளுக்கான ஈக்யூ குமிழ்) முழுதாக இறக்கி, 4 அடிக்கு மேல் சேர்ந்து ஓட விடாமல், சமத்தில் வெட்டினால் தாளம் மாறியதே ஒரு திருப்பம் போல் கேட்கும்.

கீ, அதாவது பாட்டின் சுருதி விஷயத்தில், மிக்ஸ்க்ஸ் தரும் லான்சலாட் குறியீடு வசதியானது. அது சுருதிகளை ஒரு சக்கரத்தில் எண்ணிட்டு வைக்கிறது. ஏ மைனர் 8ஏ, சி மேஜர் 8பி. அதே எண், அல்லது ஒன்று கூட, ஒன்று குறைய என்றால் சேரும். ஆனால் இந்தச் சக்கரத்துக்கு மேஜர், மைனர் தவிர வேறொன்றும் தெரியாது. ராகச் சாயல் உள்ள பாட்டில் ஸாவையும் பாவையும் குழப்பிக்கொண்டு பக்கத்து எண்ணைச் சொல்வது சகஜம். தம்புரா ஆப்பில் சுருதி வைத்துச் சரிபார்க்க அரை நிமிடம்தான் ஆகும். இன்னொன்று: கீலாக் (வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் பிடிக்கும் வசதி) இல்லாமல் வேகத்தை 3 சதவீதம் ஏற்றினால் சுருதியும் கிட்டத்தட்ட கால் கட்டை, அதாவது அரைச் சுரத்தில் பாதி, ஏறிவிடும். முழு அரைச் சுரத்துக்கு 5.95 சதவீதம். எண் பார்த்துப் பொருத்திய உழைப்பு வீண். கீலாக் போட்டே வையுங்கள், ஆனால் 5, 6 சதவீதத்தைத் தாண்டினால் குரல் பிசிறு தட்டும், குறிப்பாக நீட்டிப் பாடும் இடங்களில்.

ஒலி அளவில் கவனிக்க ஒன்றுதான். ரீப்ளேகெயின் என்ற தானியங்கி வசதி எல்லாப் பாட்டையும் சராசரி அளவில் சமப்படுத்துகிறது. 1980களின் பதிவில் சராசரிக்கும் உச்சத்துக்கும் இடைவெளி அதிகம், இன்றைய மாஸ்டரிங்கில் குறைவு. சராசரி சமமானால் பழைய பாட்டின் மிருதங்க அடி திடீரென்று சிவப்பைத் தொடும். மாஸ்டர் மீட்டரில் உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி கெயினை (பாட்டின் உள்வரும் ஒலி அளவு) இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். இரண்டு பாட்டின் பேஸும் (கீழ் ஒலிகள்) ஒரே நேரத்தில் திறந்திருந்தால் இந்த 6 டெசிபெல் இடம் உடனே காலியாகும். ஒன்றைத் திறக்கும் அதே சமத்தில் மற்றதை மூட வேண்டும்.

பதிவுக்கு வேவ், 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 950 எம்பி. எம்பி3-யில் நேரடியாகப் பதிவு செய்தால் பிறகு எடிட் செய்து சேமிக்கும்போது மறுபடி சுருங்கும், தேவையில்லாத நஷ்டம். ஆடியோ பஃபர் (ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் நேரம்) 20 முதல் 25 மில்லிசெகண்ட் போதும். ஸ்க்ராட்ச் செய்யாதவருக்கு இந்தத் தாமதம் தெரியாது. அமைப்பின் சவுண்ட் ஹார்டுவேர் பக்கத்தில் பஃபர் அண்டர்ஃப்ளோ (ஒலி வந்து சேராமல் விட்டுப்போன தடவை) எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் இன்னும் உயர்த்துங்கள். லேப்டாப் சார்ஜரில், வைஃபை அணைத்து, கண்ட்ரோலர் ஹப் வழியாக இல்லாமல் நேரடி யுஎஸ்பியில்.

நடுவில் கரண்ட் போய் கணினி அணைந்து, வேவ் கோப்பு ‘0 நொடி’ என்று காட்டினால் அழித்துவிடாதீர்கள். முகப்புத் தகவல் எழுதப்படாமல் போயிருக்கலாம், ஒலி உள்ளேயே இருக்கும். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் ரா டேட்டாவாக இறக்குமதி செய்து, 24 பிட் பிசிஎம், லிட்டில் எண்டியன், ஸ்டீரியோ, 44100 என்று கொடுத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

41-ஆவது நிமிடத்தில் ஒரு மாற்றம் சொதப்பினால் முழுதும் மறுபடி வாசிக்க வேண்டாம். அதற்கு முந்தைய பாட்டிலிருந்து தொடங்கி மூன்று பாட்டைத் தனியாகப் பதிவு செய்து, ஒட்டும் இடம் இரண்டு பதிவிலும் ஒரே பாட்டின் ஒரே சமமாக இருக்கும்படி வெட்டி, 10 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட் (ஒன்று மங்க மற்றது எழும் இணைப்பு) கொடுத்தால் தெரியாது. வேகமும் கெயினும் இரண்டு பதிவிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்காகவே தாளில் பிபிஎம் பத்தியோடு கெயின் பத்தியும் வைப்பது நல்லது. பிறகு லவுட்னஸை (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பு, அதன் அலகு எல்யுஎஃப்எஸ்) மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ்ஸுக்குக் கொண்டுவந்து, கடைசியாக மைனஸ் 1 டெசிபெல்லில் லிமிட்டர் (உச்சம் அந்த அளவைத் தாண்டாமல் தடுப்பது). வரிசையை மாற்றிப் போட்டால் லிமிட்டர் பிடித்த உச்சங்களை லவுட்னஸ் மறுபடி மேலே தள்ளிவிடும்.

பதிவோடு க்யூ கோப்பும் (எந்தப் பாட்டு எப்போது தொடங்குகிறது என்ற பட்டியல், ஹாட்க்யூ அல்ல) உருவாக்கும் தெரிவை ஆன் செய்து வையுங்கள். பாட்டுப் பட்டியல் நேரத்தோடு கிடைக்கும். அதில் கடைசி இரண்டு இலக்கம் நொடியில் நூற்றில் ஒரு பங்கு அல்ல, 75-இல் ஒரு பங்கு. பாட்டு உண்மையில் கேட்கத் தொடங்கும் இடத்தோடு ஒப்பிட்டு, கையால் திருத்திய பிறகே வெளியிடுங்கள்.